பதினொரு பேரின் மத்தியானத் தூக்கம்

அளவுக்காரம்மாவுக்கு நான் ஏழு மாதம் இருபத்திரண்டு நாள் சம்பளம் கடன்பட்டிருந்தேன். கைமாற்றாக வாங்கியது இல்லை. அவர் என்னிடம் வேலை பார்த்ததும் இல்லை. என் வாயால் அவருடைய வேலை போனது, அவ்வளவுதான். அந்த நாட்களின் சம்பளம் என் தலைமேல் விழ வேண்டியது என்று இன்று சொல்கிறேன். அன்று சொல்லவில்லை.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. பன்னிரண்டு வயதில் ஒரு லேத் பட்டறையில் இரும்புச் சுருள் கூட்டி அள்ளினேன். நாற்பது வயதில் அதே பட்டறையை விலைக்கு வாங்கினேன். யாரும் கைதூக்கி விடவில்லை. இன்று பதினாறு லேத் ஓடுகிறது. தலைமுடி ஒன்றைப் பத்தாகக் கிழித்தால் என்ன கனம் வருமோ, அந்தக் கனம்கூடப் பிசகாமல் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பேன். பெரிய படிப்புப் படித்த இன்ஜினியர்கள் குறை கண்டுபிடிக்க வந்து, என் மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள். அளவு என்றால் இந்த வட்டாரத்தில் நான்தான் என்று நினைத்திருந்தேன். அந்த அம்மா வருகிற வரைக்கும்.

அவர் ஒரு காலை எட்டு மணிக்குத் தோளில் ஒரு பையும் கையில் ஒரு பையுமாக வந்து நின்றார். ஐம்பதை நெருங்கிய வயது, தேய்ந்த செருப்பு, கழுத்தில் ஆஸ்பத்திரி அட்டை. இதய நோய் ஆராய்ச்சியிலிருந்து வருவதாகச் சொன்னார். அவருடைய பகுதியில் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரையும் பத்து வருஷம் விடாமல் அளந்துகொண்டே போவார்கள். இரத்த அழுத்தம், எடை, இடுப்புச் சுற்றளவு, எத்தனை சிகரெட், எவ்வளவு உப்பு, அப்பா எத்தனை வயதில் இறந்தார், எல்லாம் கணக்கு.

"எதுக்கும்மா இவ்வளவு?" என்றேன்.

"ஒருத்தருக்கு மாரடைப்பு வருது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வரல. ஏன்னு ஒருத்தர மட்டும் பார்த்தா தெரியாது ஐயா. ஆயிரம் பேர வருஷக்கணக்கா பார்க்கணும். உங்க பட்டறை எங்களுக்கு முக்கியம். நாள் முழுக்க இரைச்சல்ல நிக்கிறவங்களுக்கு ரத்த அழுத்தம் கூடுதான்னு தெரிஞ்சாகணும்."

"ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

"அதுக்குள்ள என் ஆளு ரெண்டு ஷாஃப்ட் முடிப்பான்."

"முடிக்கட்டும் ஐயா. ஆளு முடிஞ்சிடாம பார்த்துக்கணும்ல?"

என்னிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. என் ஆபீஸ் அறையைத் திறந்து விட்டேன்.

அவர் வேலை செய்கிற விதத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வேலைக்காரனை வேலைக்காரனுக்குத் தெரியும். ஆளை உட்காரவைத்து ஐந்து நிமிஷம் பேசவிட மாட்டார். கால்மேல் கால் போட்டால் இறக்கச் சொல்வார். கையை மேசைமேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, பட்டையைக் கட்டி, இரண்டு தடவை அளப்பார். நூற்று அறுபத்தெட்டு என்றால் நூற்று அறுபத்தெட்டு. எழுபது என்று எழுதவே மாட்டார்.

"ரெண்டுதானே, எழுபதுன்னு போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"உங்க ஷாஃப்ட்ல ரெண்டு கூடுதலா இருந்தா நீங்க விடுவீங்களா?"

"தூக்கி எறிவேன்."

"அப்புறம் என்ன? எல்லாரும் பூஜ்யத்துல முடிச்சா கம்ப்யூட்டர்ல இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்சிடும், இது அளந்தது இல்ல, நினைச்சு எழுதினதுன்னு."

இடுப்பளவு எடுக்கும்போது என் ஆட்கள் வயிற்றை உள்ளே இழுத்தார்கள். அவர் டேப்பைப் பிடித்தபடியே நின்றார். "எவ்வளவு நேரம் பிடிப்பீங்கன்னு பார்க்கிறேன். எனக்கு சாயந்திரம் வரைக்கும் வேலை இல்ல." பட்டறையே சிரித்தது. அன்றைக்கே அவருக்கு அளவுக்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அவர் கதையைப் பின்னால் துண்டு துண்டாகத் தெரிந்துகொண்டேன். பள்ளி இறுதி வகுப்போடு நின்றவர். ஒரு தையல் கடையில் பதினான்கு வருஷம் அளவெடுத்தார். வசதியான பெண்கள் வந்தால் இடுப்பை இரண்டு அங்குலம் குறைத்துச் சொல் என்பாராம் முதலாளி. துணியை மட்டும் சரியான அளவில் வெட்டிக்கொள்ளலாம், வாயால் குறைத்துச் சொன்னால் போதும். அதுகூட இந்த அம்மாவால் முடியவில்லை. ஒருநாள் ஒரு பெரிய வீட்டு அம்மாளிடம் உள்ளதைச் சொல்லப்போக, அன்று மாலையே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். பிறகு, டேப்பை நேராகப் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் ஆள் தேடியபோது, ஆறு வருஷம் முன்னால் இந்த ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தார். வீட்டுக்காரர் இல்லை. ஒரே மகள், வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். இந்தச் சம்பளம்தான் அந்தப் படிப்பு.

என்னிடமும் கேள்வி கேட்டார். அப்பா எத்தனை வயதில் இறந்தார் என்றார். எழுபது இருக்கும் என்றேன். என் பரம்பரையில் ஓட்டை இருக்கிறதென்று ஒரு தாளில் ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து என் தம்பி உள்ளே போனான். என் பட்டறையில் லேத் ஓட்டுகிற டர்னர்களில் அவன்தான் முதல் ஆள். கைவேலையில் என்னையே மிஞ்சியவன், இதை நான் அவன் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அவன் வெளியே வந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"ஐயா, உங்க அப்பா எத்தனை தடவை செத்தாரு?"

"என்னம்மா பேச்சு இது?"

"உங்களுக்கு எழுபதுல செத்திருக்காரு. உங்க தம்பிக்கு ஐம்பத்திரண்டுல செத்திருக்காரு, சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே. ரெண்டையும் எழுதட்டுமா, ஒன்ன அடிக்கட்டுமா?"

"ஐம்பத்திரண்டு," என்றேன். அவர் அடித்து எழுதினார். குத்திக்காட்டவில்லை.

தம்பிக்கு அப்போது நாற்பத்தேழு. அவனுடைய அழுத்தம்தான் அந்த நூற்று அறுபத்தெட்டு. நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிப்பான்.

இரண்டு வாரம் கழித்து அம்மா மறுபடியும் வந்தார். பட்டறையில் பதினொரு பேருக்கு ஒரு கருவி கட்ட வேண்டும். கைப்பட்டையிலிருந்து ஒரு குழாய் வந்து இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டியில் சேரும். அரை மணிக்கு ஒரு தடவை தானாகக் காற்று ஏறி அளக்கும். வேலை, சாப்பாடு, தூக்கம் எல்லாவற்றிலும் இருபத்துநாலு மணி நேரம் கையில் இருக்க வேண்டும். சிலருக்கு ஆஸ்பத்திரி ஆளைப் பார்த்த பதற்றத்திலேயே அழுத்தம் ஏறும், உண்மையான அளவு இதில்தான் தெரியும் என்றார். "அது அளக்கும்போது கைய அசைக்காம அரை நிமிஷம் நிக்கணும். அவ்வளவுதான்." கருவி இரண்டுதான் இருந்தது. நாளுக்கு இரண்டு பேராக ஆறு நாள். காலை எட்டு மணிக்குக் கட்டிவிட்டுப் போவார், மறுநாள் எட்டு மணிக்கு வந்து கழற்றுவார்.

அந்த வாரம் என் கழுத்தில் கத்தி. ஒரு கம்பெனிக்கு ஆயிரத்து இருநூறு ஷாஃப்ட், நாள் தவறினால் ஆர்டர் ரத்து. ஷாஃப்டைக் கவ்விச் சுற்றுகிற சக்குக்குப் பக்கத்தில் ஒருவன் கையில் குழாய் தொங்க விடலாமா? குழாய் சிக்கினால் கை போய்விடும். இது பொய்க் காரணம் இல்லை. ஆனால் முழுக் காரணமும் இது இல்லை. அரை மணிக்கு ஒரு தடவை ஆள் கடைகிற டூலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு நிற்பதை என்னால் பார்க்க முடியாது. நிஜமான காரணம் அதுதான்.

அம்மா வாசலைத் தாண்டியதும் இரண்டு பேர் கையிலிருந்தும் கருவியைக் கழற்றினேன். சாமான் அறைக்காரரைக் கூப்பிட்டேன். அவர் போல்ட்டு நட்டு எண்ணிக் கொடுக்கிறவர். நல்ல மனுஷர், நாள் முழுக்க நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார். மத்தியானம் ஒன்றரைக்குக் கண்ணை மூடினால் இரண்டே காலுக்குத்தான் திறப்பார். பட்டறைக் கடிகாரம் நின்றாலும் அது நிற்காது.

"இந்தக் கைக்கு ஒன்னு, அந்தக் கைக்கு ஒன்னு," என்றேன்.

"முதலாளி, ரெண்டு கையையும் கட்டிட்டா நான் எப்படி எண்ணுறது?"

"நீங்க எப்ப எண்ணினீங்க?"

தம்பியின் முறை வந்த நாளில் அவன் கருவியைக் கழற்றக் கொடுக்கவில்லை. "அண்ணே, எனக்கு ஜாஸ்தியா இருக்குன்னு அந்தம்மா சொல்லிச்சு. நான் மட்டும் கட்டிக்கிட்டு ஒரு நாள் லேத்துல நிக்காம இருக்கேனே."

"உனக்குப் பதிலா லேத்துல யாரு நிக்கிறது, அந்தம்மாவா?" என்று நானே கழற்றினேன். அவன் ஷாஃப்டை மாட்டினான்.

ஆறு நாளும் சாமான் அறைக்காரர் அவற்றைக் கட்டிக்கொண்டே வீட்டுக்குப் போனார், கட்டிக்கொண்டே தூங்கினார். காலையில் அம்மா வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் கருவிகள் உரியவர் கைக்குத் திரும்பின. ஆர்டர் நாள் தவறாமல் போனது. சமர்த்து என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் பதினொரு உறை வந்தது. பதினொருவருக்கும் ஒரே சேதி: அழுத்தம் சீராக உள்ளது. தம்பிக்கு மட்டும் ஒரு வரி கூடுதல். முதல் நாள் பார்த்த அளவு பதற்றத்தால் வந்திருக்கலாம், இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஒரு வருஷம் கழித்துப் பார்ப்போம்.

இங்கேதான் என் மண்டையை நானே அடித்துக்கொள்ள வேண்டும். கட்டினது யார் கை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவன் நான். இருந்தும் அந்தத் தாளை நம்பினேன். முத்திரை, கையெழுத்து, அச்சடித்த எண்கள். படிக்காதவனுக்கு அச்சடித்த தாள்மேல் ஒரு பயபக்தி உண்டு. தம்பி பெயரும் அந்த எண்களும் ஒரே தாளில் இருந்ததால் அவை அவனுடைய எண்களாகவே ஆகிவிட்டன. "பாருடா, நம்ம ரத்தம்!" என்று அவன் முதுகில் தட்டினேன். தம்பி மனைவி அதைக் கண்ணாடிச் சட்டம் போடாத குறையாக அலமாரியில் பத்திரப்படுத்தினாள்.

ஐந்து மாதம் போனது. ஒரு நாள் அளவுக்காரம்மா பை இல்லாமல் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"ஐயா, ஒன்னு கேக்கணும். அந்தக் கருவிய உங்க ஆளுங்க கட்டியிருந்தாங்களா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"பதினொரு பேரும் மத்தியானம் ஒன்றரைக்குத் தூங்கி ரெண்டே காலுக்கு எழுந்திருக்காங்க. லேத்துல நின்னுக்கிட்டு. ஒரே நாள்ல கட்டின ரெண்டு ரெண்டு பேருக்கும் நாடி ஒன்னா துடிச்சிருக்கு. நான் வீட்ல உக்காந்து என் கையிலயே கட்டிக்கிட்டேன்னு டாக்டர் நினைக்கிறாரு. எனக்கு எப்பவும் அழுத்தம் குறைச்சல், தொண்ணூறுக்கு மேல ஏறாது, கட்டிப் பாருங்கன்னு சொன்னேன். அப்ப சொந்தக்காரங்க யாராவது இருக்கும்ங்கிறாங்க."

நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை. மேசையிலிருந்த வெர்னியர் அளவுகோலைத் திறந்து மூடினேன்.

"எல்லாரும் கட்டியிருந்தாங்கம்மா," என்றேன்.

"உங்க தம்பியும்?"

"தம்பியும்தான்."

"சரிங்க ஐயா. நீங்க அளவு தெரிஞ்ச ஆளு. அதான் உங்ககிட்ட கேட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் பொய் சொன்னேன்? என் பெயர் ஆஸ்பத்திரித் தாளில் ஏறினால் கம்பெனிக்காரன் காதுக்குப் போகும், அளவில் பொய் சொல்கிறவன் என்று ஆகிவிட்டால் யார் எனக்கு ஆர்டர் கொடுப்பான்? முப்பது வருஷம் கட்டின பெயர். அந்த அம்மாவின் பெயர் ஆறு வருஷத்துப் பெயர்தானே என்று என் மனம் கணக்குப் போட்டது. மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து இருவர் வந்து என் ஆட்களை விசாரித்தார்கள். ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கட்டியிருந்தோம் என்றார்கள். மறுபடி ஒரு தடவை கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, ஒரு தடவை செய்தது போதும் என்று நான் கதவைக் காட்டினேன்.

அந்த அம்மாவை நிறுத்திவைத்தார்கள். சம்பளமும் நின்றது. அவர் அளந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரின் ஆறு வருஷக் கணக்கையும் ஒதுக்கிவைத்தார்கள். ஒரு அளவுக் கேஜ் பொய் என்று தெரிந்தால் அதில் அளந்த மொத்த லாட்டுச் சரக்கையும் நான் ஒதுக்க மாட்டேனா? அதேதான். மகள் விடுதியைக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அம்மா பழையபடி ஒரு தையல் கடையில், அளவெடுக்கக்கூட இல்லை, கிழிசல் தைக்க உட்கார்ந்தார்.

வேலை போன பிறகும் இரண்டு தடவை பட்டறை வாசலுக்கு வந்தார். தனக்காக வரவில்லை.

"ஐயா, என்னைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க. உங்க தம்பிக்கு நூத்தி அறுபத்தெட்டு இருந்திச்சு. என் கை அளந்தது. ரெண்டு தடவை அளந்தேன். வேற எந்த ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போங்க."

முதல் தடவை பார்க்கலாம் என்றேன். இரண்டாம் தடவை, "தாள்ல சீரா இருக்குன்னு போட்டிருக்கும்மா. உங்க ஆஸ்பத்திரித் தாள்தான்," என்று கேட்டைச் சாத்தச் சொன்னேன்.

நாலு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். மூன்றாம் லேத்தில் டூல் உரசுகிற சத்தம் மாறியது. அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் கேட்கும். திரும்பினால் தம்பி மெஷினைப் பிடித்தபடி சரிந்துகொண்டிருந்தான். வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. சாமான் அறைக்காரர்தான், நாற்காலியைவிட்டு எழுந்திருக்காத மனுஷர், ஓடிவந்து மெஷினை நிறுத்தினார்.

மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. வலது பக்கம் தங்கவில்லை. அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இருநூத்துப் பத்து இருக்கு. எத்தனை வருஷமா மருந்து எடுக்காம விட்டீங்க?"

தம்பி மனைவி பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து நீட்டினாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. "சீரா இருக்குன்னு எழுதிக் குடுத்தாங்களே டாக்டர்." பிறகு என்னிடம் திரும்பினாள். "மாமா, அந்தப் பொம்பள ஏமாத்துக்காரின்னு வேலைய விட்டு எடுத்தாங்களே, அவ செஞ்ச வேலைதானே இது? அவளச் சும்மா விடக்கூடாது மாமா."

அந்த நடைபாதையில் சுவரோரம் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அவளிடம் அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இன்னும் மூன்று வாரம் ஆனது.

தம்பிக்குப் பேச்சு திரும்பியபோது கல்லைப் புரட்டுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வந்தது. நான் அவன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே. சொல்லிடு."

"எதைடா?"

"கழட்டினது. அந்தம்மா... பாவம்."

என்மேல் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நானே கழற்றிய கருவிக்காக அவன் இன்னொருவருக்குப் பாவம் பார்த்தான்.

அன்றே தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனாள். இன்று வரைக்கும் எனக்குச் சாப்பாடு போடுகிறாள், என்னை மாமா என்று கூப்பிடுவதில்லை.

மறுநாள் சாமான் அறைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஆராய்ச்சி அலுவலகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி, கடைசி அறை. சுவர் முழுக்க அட்டைப் பெட்டிகள், பெட்டி முழுக்கத் தாள்கள். ஆராய்ச்சி டாக்டர் சின்ன வயதுக்காரர், என் மகன் வயதுகூட இருக்காது. அவர் முன்னால் நின்று சொன்னேன். பல வருஷத்தில் நான் நின்றுகொண்டு பேசிய முதல் இடம் அதுவாகத்தான் இருக்கும், எங்கே போனாலும் நாற்காலி போடுவார்கள்.

அவர் நம்பவில்லை. "அவங்க மேல பரிதாபப்பட்டு வந்து சொல்றீங்களா ஐயா?" என்றார்.

"பரிதாபமா? சார், என் தம்பி கை போச்சு. கருவியக் குடுங்க. இவருக்குக் கட்டுங்க. ரெண்டு கைக்கும்."

கட்டினார்கள். சாமான் அறைக்காரரை ஓரத்தில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பயத்தில் அவருக்கு வியர்த்தது. இன்றைக்குப் பார்த்து இவர் தூங்காமல் போனால் நம் கதை கந்தல் என்று நினைத்தேன். கடிகாரம் ஒன்றரையைத் தொட்டது. அவர் தலை தொங்கியது. இரண்டு நிமிஷத்தில் குறட்டை. டாக்டர் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலை கம்ப்யூட்டரில் காட்டினார். பழைய கோடுகள் பதினொன்று, ஒன்றின்மேல் ஒன்று, ஒரே கயிறு மாதிரி. புதுக் கோடு இரண்டும் அதற்குள்ளேயே போய் ஒட்டிக்கொண்டன. மத்தியானத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே பள்ளத்தில் இறங்கி ஏறின.

"இது பதினொரு பேர் இல்ல சார்," என்றேன். "ஒரே ஆளு. நான் பதினொன்னா எண்ணிக் குடுத்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அவங்க மட்டும் ஆரம்பத்துல இருந்தே ஒன்னுதான் சொன்னாங்க. என் எண்கள வேணா எடுத்துடுங்க, அந்த ஆளுங்கள மறுபடி அளங்கன்னாங்க. நாங்க காதுல போட்டுக்கல."

அதற்குப் பிறகு பட்டறையில் மிச்சம் பத்துப் பேருக்கும் உண்மையிலேயே கட்டினோம். முறைவைத்து, ஒரு நாளைக்கு இரண்டு லேத்தை நிறுத்தினேன். நாலு பேருக்கு அழுத்தம் கூடுதல். எனக்கும் கட்டினார்கள், இப்போது நானும் காலையில் ஒரு மாத்திரை. விசாரணை, கடிதம் என்று இரண்டு மாதம் இழுத்த பிறகு அம்மாவுக்கு வேலை திரும்பியது. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் கணக்கும் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ஆனால் நின்றுபோன சம்பளம் வராது. அந்த வருஷப் பணம் செலவாகாமல் திரும்பிப் போய்விட்டது, எழுதிக் கேட்கிறோம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

எட்டு மாதச் சம்பளம் என்று கணக்குப் போட்டு, உறையில் வைத்து எடுத்துக்கொண்டேன். தம்பி தானும் வருவேன் என்றான். கைத்தடியோடு அவனை வண்டியிலிருந்து இறக்கித் தையல் கடை வாசலில் நிறுத்தினேன். அம்மா கடைசி நாள் வேலையில் இருந்தார். ஒரு சட்டையின் காலரைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தார். தம்பியைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை அவனுக்குத் தள்ளினார். என்னை நிற்கவிட்டார்.

"மாத்திரை எத்தனை வேளை?" என்று அவனைக் கேட்டார்.

"ரெண்டு."

"சிகரெட்?"

"விட்டாச்சு."

"எழுதிக்கிறேன். அடுத்த மாசம் வரும்போது பொய் சொன்னீங்கன்னா விரல மோந்து பார்ப்பேன்."

தம்பி பாதி வாயால் சிரித்தான். நான் உறையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இது என்ன ஐயா?"

"எட்டு மாசச் சம்பளம்மா."

"தர்மமா?"

"கடன்."

"கடன்னா எழுதிக் குடுங்க. எதுக்குன்னு போட்டு. நாளைக்கு என் மக கேட்டா நான் காட்டணும். உள்ளது உள்ளபடி."

அளவு எழுதுகிற சீட்டு ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். நான் காசோலையில் கையெழுத்துப் போடுவேன், எண் எழுதுவேன். வாக்கியம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. தையல் மெஷின் பலகையில் குனிந்து எழுதினேன்: கருவியைக் கழற்றியது நான். பொய் சொன்னதும் நான். இந்த அம்மா அளந்தது எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்தார், ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினார், மடித்து டேப்போடு சேர்த்து வைத்தார்.

"ஆனா எட்டு மாசம் இல்ல ஐயா. ஏழு மாசம் இருபத்திரண்டு நாள்."

"எட்டுன்னு இருக்கட்டும்மா. என்னால ஆனது."

"பூஜ்யத்துல முடிக்கிற பழக்கம் எனக்கு இல்லன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தம்பி இடது கையை நீட்டினான். உறையை அவனிடம் கொடுத்தேன். மடியில் வைத்து, எட்டு நாள் பணத்தை முதலில் பிரித்து என் பக்கம் தள்ளினான். பிறகு மீதியை எண்ண ஆரம்பித்தான். இடது கை இன்னும் பழகவில்லை. இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டால் நிறுத்தி, பெருவிரலால் தேய்த்துப் பிரித்து, மறுபடி எண்ணினான். நான் கைகொடுக்கப் போனேன், அம்மா வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். அவசரப்படாமல், அழுத்தம் அளக்கும்போது உட்காருவாரே, அதே மாதிரி பேசாமல் உட்கார்ந்து உள்ளங்கையை நீட்டிக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு நோட்டாக, எண்ணை வாய்க்குள் திக்கித் திக்கிச் சொல்லிக்கொண்டே, தம்பி அந்தக் கையில் வைத்து முடித்தான்.